அன்னவாசல் வானில் வட்டமிட்ட விமானம்: விமானி மீதான நம்பிக்கை எதன் மேல் நிற்கிறது?

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை நாள். வண்டிகளுக்கும் பட்டறைக் கருவிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படையல் போடும் நாளின் மாலையில், திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஒன்று போக வேண்டிய திசையில் போகாமல் புதுக்கோட்டை மாவட்ட வானத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. அன்னவாசல், விராலிமலை வட்டாரத்தில் மக்கள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். தொலைக்காட்சிகள் நேரலைக்குத் தாவின. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஆள் இல்லாத தெரு இந்தப் பக்கம் குறைவு. தலைக்கு மேல் சுற்றிய விமானத்தில் யார் வீட்டுப் பிள்ளை இருக்கிறதோ என்ற பதைப்பு ஊருக்கே இருந்தது.

அது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் ஐஎக்ஸ் 613. போயிங் 737-800 வகை. பயணிகள் 141 பேர். மாலை 5.40 மணியை ஒட்டிப் புறப்பட்டது. ஏறிய சிறிது நேரத்தில் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு தெரிந்தது. திருச்சி விமான நிலையத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசை கட்டி நின்றன. சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து, இரவு 8.15 வாக்கில், சக்கரங்கள் முறையாக இறங்கிய நிலையில் விமானம் ஓடுபாதையைத் தொட்டது. ஒருவருக்கும் காயமில்லை.

இடப்பக்க இருக்கையில் கேப்டன் இக்ரோம் ரிஃபாட்லி ஃபாமி ஜைனல். வலப்பக்கம் துணை விமானி மைத்ரேயி ஸ்ரீகிருஷ்ண ஷிதோலே. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முதல் டீக்கடைப் பெஞ்சு வரை பாராட்டு குவிந்தது. துணை விமானி ஒரு பெண் என்ற செய்தி தனியாகவே ஓடியது.

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து செய்த வேலை அது. அதில் பெண் இருந்தது ஏன் செய்தியாக வேண்டும்? விமானி மீது நாம் வைக்கும் நம்பிக்கை உண்மையில் எதன் மேல் நிற்கிறது? பாலினத்தின் மேலா, அனுபவத்தின் மேலா, அல்லது நம் கண்ணுக்கே படாத வேறொன்றின் மேலா? இந்தக் கேள்விகளைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. ஏனெனில் நம்பிக்கையை இடம் மாற்றி வைத்தால் அது வெறும் கருத்துப் பிழையோடு நிற்பதில்லை. உயிரைக் குடிக்கவும் செய்யும்.

அந்த இரண்டரை மணி நேரம்

737 வகை விமானத்தில் சக்கரங்களை ஏற்றி இறக்குவது, இறக்கைப் பின்விளிம்பு மடிப்புகளை நீட்டுவது, பிரேக் பிடிப்பது, முன்சக்கரத்தைத் திருப்புவது என்று பல வேலைகள் அழுத்தத்தில் ஓடும் திரவத்தால் நடக்கின்றன. அந்தத் திரவக் குழாய்கள் ஒன்றையொன்று சாராத இரண்டு அமைப்புகள். அவை போக, கைகொடுக்க மூன்றாவதாக ஒன்று. ஓர் அமைப்பு போனாலும் விமானம் பறக்கும். ஆனால் இறங்கும்போது பிரேக்கும் திசைமாற்றமும் வழக்கமான பலத்தோடு கிடைக்கும் என்று எண்ணிவிட முடியாது.

ஷார்ஜா வரை போவதற்கான எரிபொருளோடு கிளம்பிய விமானம் கனமாக இருக்கும். 737-800 கிளம்பும்போது அதிகபட்சம் சுமார் 79 டன் எடை இருக்கலாம். இறங்கும்போது சுமார் 66 டன்னைத் தாண்டக் கூடாது. பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிட வழி உண்டு. 737-இல் அந்த வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். திருச்சி ஓடுபாதையோ சுமார் 8,100 அடி. ஆகவே சுற்றினார்கள். கீழே இருந்து பார்த்தவர்களுக்குத் தத்தளிப்பாகத் தெரிந்த ஒவ்வொரு வட்டமும் மேலே இருந்தவர்களுக்குக் கணக்குப் போட்டுச் செய்த எடைக்குறைப்பு.

அந்த நேரத்தில் விமானி அறையில் வேலை இரண்டாகப் பிரியும். ஒருவர் விமானத்தை ஓட்டுவார். மற்றவர் கண்காணிப்பார்: எச்சரிக்கை விளக்கு என்ன சொல்கிறது என்று பார்த்து, கோளாறுக்கான கையேட்டைப் புரட்டி, ஒவ்வொரு படியையும் உரக்கப் படித்து, சுவிட்சைத் தொடும் முன் சக விமானியிடம் உறுதி கேட்டு, தரைக் கட்டுப்பாட்டோடு பேசுவார். இறங்குவதற்கான வேகம், தேவைப்படும் ஓடுபாதை நீளம் ஆகியவற்றை இருவரும் சரிபார்ப்பார்கள். சாகசத்துக்கு இங்கே இடமில்லை. சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகிய வேலை, உண்மையான நாளில் பிசகாமல் நடந்தது என்பதே அன்றிரவின் பெருமை. 141 பேரின் உயிர் அந்த வேலைப் பிரிவினையில் இருந்தது. எந்த இருக்கையில் ஆண், எந்த இருக்கையில் பெண் என்பதில் அல்ல.

சந்தேகமும் சாமியாட்டமும்

பெண் விமானியைப் பற்றிய பொதுப்பேச்சு இரண்டு துருவங்களில் நடக்கிறது. ஒரு துருவத்தில் சந்தேகம். 1984-இல் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்த நிவேதிதா பாசின், 1990 ஜனவரியில் 26 வயதில் போயிங் 737-இன் கேப்டனாகப் பறந்தார். மிக இளம் வயதில் ஜெட் விமானக் கேப்டனான பெண் என்று உலகம் குறித்துக்கொண்டது. அந்தக் காலத்தில், பயணிகள் கண்ணில் பட்டு அவர்கள் கலவரப்படாமல் இருக்கச் சீக்கிரம் விமானி அறைக்குள் போய்விடுங்கள் என்று சக ஊழியர்களே அவரை அவசரப்படுத்தியதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். திறமை போதும், முகம்தான் இடைஞ்சல் என்பது அதன் பொருள்.

அது இந்தியாவின் நோய் மட்டும் என்று சொல்ல முடியாது. 2013-இல் பிரிட்டனில் ஒரு பயண நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் பெண் விமானியை அவ்வளவாக நம்பமாட்டோம் என்றார்கள். 2025 பிப்ரவரி 17 அன்று கனடாவின் டொரன்டோவில் டெல்டா நிறுவனத்துக்காக என்டவர் ஏர் இயக்கிய விமானம் தரையிறங்கும்போது கவிழ்ந்தது. உள்ளே இருந்த 80 பேரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் விசாரணை தொடங்கும் முன்பே துணை விமானி பெண் என்பதைப் பிடித்துக்கொண்டு, அவர் தகுதியில்லாதவர், பயிற்சியில் தோற்றவர் என்று சமூக ஊடகங்களில் வதந்தி கிளம்பியது. இரு விமானிகளும் முறையான தகுதியும் சான்றும் பெற்றவர்களே என்று நிறுவனம் அறிக்கை விட வேண்டியதாயிற்று. ஆண்கள் இருவர் ஓட்டிய விமானம் விபத்துக்குள்ளானால், ஆண் என்பதால்தான் இப்படி ஆயிற்று என்று யாரும் எழுதுவதில்லை.

மறு துருவத்தில் சாமியாட்டம். 2022 ஜூன் 19 அன்று பாட்னாவில் பறவை மோதி இடப்பக்க எஞ்சினில் தீப்பிடித்த ஸ்பைஸ்ஜெட் விமானத்தை, 185 பயணிகளோடு கேப்டன் மோனிகா கன்னா பத்திரமாக இறக்கினார். நாடே கொண்டாடியது, தகுதியான பாராட்டுதான். பக்கத்தில் இருந்து வேலையைப் பகிர்ந்துகொண்ட துணை விமானி பல்பிரீத் சிங் பாட்டியாவின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஐஎக்ஸ் 613-இலும் அதேபோல் சிங்கப்பெண் கதை ஒன்று தயாரானது. பாராட்டு நல்ல மனதோடு வந்தாலும் அதன் அடியில் ஒரு வியப்பு இருக்கிறது: பெண்ணாயிருந்தும் செய்துவிட்டாரே! சந்தேகப்படுகிறவரும் வியக்கிறவரும் ஒரே இடத்திலிருந்துதான் புறப்படுகிறார்கள். இருவருக்கும் விமானம் என்பது தனி ஆளின் கைத்திறன்.

கொடுக்காத அனுபவம்

பெண்ணாக இருப்பது தடையில்லை, அனுபவம் வேண்டும், அவ்வளவுதான் என்று நாகரிகமாகச் சொல்வோர் உண்டு. அனுபவம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை விமான வரலாறு நேராக எழுப்புகிறது.

1934 டிசம்பர் கடைசி நாளில் அமெரிக்காவின் சென்ட்ரல் ஏர்லைன்ஸில் ஹெலன் ரிச்சி பறந்தார். அந்நாட்டின் பயணிகள் விமான நிறுவனமொன்று வேலைக்கு எடுத்த முதல் பெண் விமானி அவர். விமானிகள் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. வானிலை நன்றாக இருக்கும் நாட்களில் மட்டும் ஓட்டலாம் என்று கட்டுப்பாடு வந்தது. வெயில் நாளில் மட்டும் பறப்பவருக்கு மழை நாளின் அனுபவம் எப்படிச் சேரும்? பத்து மாதத்தில் விலகிவிட்டார்.

இந்தியாவில் பிரேம் மாத்தூர் 1947-இல் வணிக விமானி உரிமம் பெற்றார். பெண் ஓட்டினால் பயணிகள் ஏறத் தயங்குவார்கள் என்று நிறுவனங்கள் வரிசையாகக் கைவிரித்தன. ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் அவரைத் துணை விமானியாக எடுத்துக்கொண்டது. 1949-இல் தேசிய விமானப் பந்தயத்தில் வென்றார். அப்படியும் கேப்டன் இருக்கை அங்கே அவருக்குத் திறக்கவில்லை. துர்பா பானர்ஜி 1966-இல் இந்தியன் ஏர்லைன்ஸின் முதல் பெண் விமானியானார். விமானியாக வேண்டும் என்று கேட்டுப் போனவருக்கு முதலில் பணிப்பெண் வேலையைக் காட்டியதாக அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. 1988-இல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 18,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பறத்தல் இருந்தது. வாய்ப்புக் கிடைத்த இடத்தில் மணிக்கணக்கு தானாகச் சேர்ந்தது.

தமிழர் பக்கமும் ஒரு பெயர் உண்டு. உஷா சுந்தரம், கணவர் வி. சுந்தரத்தோடு சேர்ந்து டகோட்டா ஓட்டியவர். சர்தார் பட்டேல், நேரு போன்றவர்களைச் சுமந்து பறந்தவர். 1951-இல் சென்னை அரசு வாங்கிய டவ் ரக விமானத்தை இருவரும் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். சென்னை மாகாண அரசின் விமானத்தை ஒரு பெண் ஓட்டி வந்து 70 ஆண்டுகளுக்கு மேலாகிறது. நாம் இன்னும் பெண் விமானியைப் புதுமையாகப் பார்க்கிறோம்.

ஆஸ்திரேலியாவில் டெபோரா வார்ட்லி பறக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளராக இருந்தவர். ஆன்செட் நிறுவனம் அவரை விமானியாக எடுக்க மறுத்தபோது, பிள்ளைப்பேறு, மாதவிலக்கு, உடல்வலு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அவர் வழக்குப் போட்டு 1979-இல் வென்றார். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. பறக்கச் சொல்லிக்கொடுக்கத் தகுதி உண்டு, பறக்கத் தகுதி இல்லை என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

ஆக, முதலில் வாய்ப்பை மறுத்து, பிறகு அனுபவம் போதவில்லை என்று சொல்லி, அந்தக் குறையைப் பெண்ணின் இயல்பாக எழுதிவைக்கும் சுழல் ஒன்று நெடுங்காலம் ஓடியிருக்கிறது. ஆய்வுகளும் இதைக் காட்டிக்கொடுக்கின்றன. அமெரிக்க விமான நிறுவன விமானிகளின் பிழையால் நேர்ந்த விபத்துகளை ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டு ஆராய்ந்து கேத்லீன் மெக்ஃபேடன் 1996-இல் முடிவுகளை வெளியிட்டார். மொத்தக் கணக்கை அப்படியே பார்த்தால் பெரிய நிறுவனங்களில் பெண்களின் விபத்து விகிதம் கூடுதல் போலத் தெரிந்தது. பெண்கள் அப்போதுதான் பணியில் சேர்ந்துகொண்டிருந்தார்கள்; வயதும் மணிக்கணக்கும் குறைவு. வயது, அனுபவம், பறந்த நேரம் ஆகியவற்றைச் சமப்படுத்திப் பார்த்தபோது ஆண் பெண் வித்தியாசம் காணாமல் போனது. எந்தப் பாலினமும் மற்றதைவிடப் பாதுகாப்பானது இல்லை என்பதே முடிவு.

மணிக்கணக்கு சொல்லாதது

அப்படியென்றால் அனுபவத்தை மட்டும் அளந்தால் போதுமா? அங்கும் ஒரு சிக்கல் இருக்கிறது.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கேப்டனாவதற்கான உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணி. அமெரிக்காவில் பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கே பொதுவாக 1,500 மணி என்ற விதி 2013-இல் வந்தது. அதற்குத் தூண்டுதல் 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே நடந்த கோல்கன் 3407 விபத்து. அந்த விமானத்தின் கேப்டன் ஆண், துணை விமானி பெண். இருவருமே 1,500 மணியைத் தாண்டியவர்கள்! களைப்பும், குறைந்த சம்பளத்தில் நெடுந்தூரம் பயணித்து வேலைக்கு வரும் நிலையும், விமானம் வேகமிழந்தபோது கேப்டன் எதிர்மாறாக இயக்கியதும் விசாரணையில் வெளிவந்தன. விதியோ மணிக்கணக்கைப் பிடித்துக்கொண்டது. எண்ணிவிட முடிகிற பொருள் அதுதானே.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ ஜெட்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். விமான வரலாற்றின் மிகக் கொடிய விபத்து. அனுமதி கிடைக்காமலே புறப்பட்ட கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் சாதாரண ஆள் இல்லை. நிறுவனத்தின் 747 பயிற்சித் தலைவர், அதன் விளம்பரங்களில் சிரித்த முகம். ஓடுபாதை காலியாகிவிட்டதா என்று விமானி அறையில் இருந்த பொறியாளர் சந்தேகத்தோடு கேட்டார். கேப்டன் அதை ஒரு வார்த்தையில் தட்டிவிட்டார். அதன் பிறகு ஒருவரும் அழுத்திச் சொல்லவில்லை.

இதே பாடம் நம் வீட்டு வாசலிலும் நடந்தது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். கேப்டனின் அனுபவம் 10,000 மணி நேரத்துக்கு மேல். பயணத்தின் பெரும்பகுதியில் அவர் தூங்கியிருந்தார் என்று விசாரணை நீதிமன்றம் கண்டது. விமானம் அளவுக்கு மேல் உயரத்தில் வருவதைக் கண்ட துணை விமானி, இறங்காமல் மேலே ஏறிவிடும்படி மூன்று முறை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில் இறங்கி ஓடுபாதையைத் தாண்டிய விமானத்தில், இரு விமானிகளையும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள். அங்கும் கேப்டன் 10,000 மணியைத் தாண்டிய, விமானப்படையில் பெயர் எடுத்தவர். அங்கும் துணை விமானி மேலே ஏறச் சொன்னது பதிவில் இருக்கிறது. விமானி அறைக்குள் மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையிலிருந்த அதிகாரச் சரிவு செங்குத்தாக இருந்ததை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

இந்த மூன்றிலும் விமானி அறையில் பெண் யாருமில்லை. அனுபவத்துக்கும் பஞ்சமில்லை. இல்லாமல் போனது ஒன்றே: கீழ்ப்படியில் இருப்பவரின் சொல்லுக்கு மேல்படியில் கிடைத்திருக்க வேண்டிய மதிப்பு. டெனரீஃப் விபத்துக்குப் பின் உலகெங்கும் விமானிகளுக்குக் கட்டாயமான குழுப் பணிப் பயிற்சி இந்த ஓட்டையை அடைக்கத்தான் வந்தது. இளையவர் எப்படிப் படிப்படியாக உரக்கச் சொல்ல வேண்டும், மூத்தவர் எப்படிக் காது கொடுக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் துணை விமானி தயங்காமல் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்க வேண்டும் என்பதை அது கற்றுத்தருகிறது.

பாலினம் விமானப் பாதுகாப்புக்குள் உண்மையாக நுழையும் இடமும் இதுதான். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம், பதினான்காவது வரிசையில் இருக்கும் பயணி பெண் விமானியை நம்பாவிட்டால் விமானத்துக்கு ஒன்றும் ஆகாது. அதே அவநம்பிக்கை கதவுக்கு அந்தப் பக்கம், பக்கத்து இருக்கையில் இருந்தால் ஆபத்து. இவளுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் கேப்டன் மனதில் இருந்தால், துணை விமானி சொல்லும் எச்சரிக்கை ஒரு நொடி தாமதமாகத்தான் உறைக்கும். ஒரு நொடியில் 737 இறங்கும் வேகத்தில் சுமார் 70 மீட்டர் ஓடிவிடும். எதிர்ப்பக்கமும் யோசிக்க வேண்டும்: பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதே என்று வளர்க்கப்பட்ட பெண்ணும், ஆணும்தான், உரக்கச் சொல்லத் தயங்கினால் அதே ஆபத்து. பெண் விமானியால் பாதுகாப்பு குறைவதில்லை. பெண்ணின் சொல்லை இளப்பமாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தால் குறையும்.

புதுக்கோட்டை முன்பே கற்ற பாடம்

இந்தியாவில் விமானிகளில் பெண்கள் சுமார் 15 சதவீதம் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. உலக சராசரி 5 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அமெரிக்காவையும் பிரிட்டனையும் தாண்டி நாம் முன்னே இருப்பதற்குத் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு, மகப்பேறு காலச் சலுகைகள், நள்ளிரவிலும் வீட்டுக்கே வந்து அழைத்துப் போகும் நிறுவன வாகனம் எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஊர் மனம் எப்படி மாறுகிறது என்று பார்க்க விமான நிலையம் வரை போக வேண்டாம், புதுக்கோட்டையே போதும். 1904-இல் முத்துலட்சுமி ரெட்டி மகாராஜா கல்லூரியில் சேர வந்தபோது, பையன்கள் மட்டும் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு இடம் கொடுத்தார். எட்டு ஆண்டுகளில் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து மருத்துவராக வெளியே வந்தார்.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்பதை இயக்கத்தின் அங்கமாக்கினார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத நேரத்தில் குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னே ஒரு குழந்தையையும் பின்னே தண்ணீர்க் குடத்தையும் ஏற்றிக்கொண்டு போக அதுவே வசதி என்று கண்டார்கள். முதலில் கேலியும் ஆபாசப் பேச்சும் வந்தன. பிறகு அடங்கின. பேச்சாளர்கள் வந்து உபதேசம் செய்து அடங்கவில்லை. பத்துப் பெண் ஓட்டினால் வேடிக்கை பார்க்கலாம். லட்சம் பெண்கள் ஓட்டினால் யாரை வேடிக்கை பார்ப்பது?

1993-இல் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி தமிழக அரசுப் பேருந்தின் முதல் பெண் ஓட்டுநரானபோதும் சாலையில் வியப்பு இருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் லட்சம் பேர் வரவில்லை. அதனால்தான் பேருந்தில் பெண் ஓட்டுநர் இன்றும் செய்தியாகிறார். சைக்கிளில் வியப்பு முடிந்துபோனது, பேருந்தில் முடியவில்லை. பொதுநம்பிக்கை பெரும்பாலும் எண்ணிக்கையின் பின்னால் வருகிறது.

விமானத்தில் அந்த எண்ணிக்கை வர முதல் தடை காசு. வணிக விமானி உரிமம் வாங்கி, ஒரு விமான வகைக்கான பயிற்சியும் முடிக்க அரை கோடி ரூபாய்க்கு மேல் ஆகும். கோடியைத் தொடுவதும் உண்டு. அன்னவாசல் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் படிக்கும் பெண்ணுக்குப் பாடத்திட்டத்தில் கதவு திறந்திருக்கிறது, கட்டணத்தில் மூடியிருக்கிறது. கேரளத்தின் கொச்சுத்துறை மீனவர் குடும்பத்து ஜெனி ஜெரோம் 2021 மே மாதம் ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் துணை விமானியாகப் பறந்து வந்தபோது மாநிலமே கொண்டாடியது. கொண்டாட்டம் ஒருவருக்கு. உதவித்தொகை பலருக்கு வேண்டும்.

எதை நம்புவது

விமானத்தில் ஏறும் சாமானியர் கேட்கத்தக்க கேள்விகள் உண்டு. இந்த விமானிகள் போதுமான ஓய்வுக்குப் பின் வந்திருக்கிறார்களா? சிமுலேட்டர் சோதனைகள் தவறாமல் நடக்கின்றனவா? துணை விமானி மறுத்துப் பேசினால் நிறுவனம் அவர் பக்கம் நிற்குமா? 2025 டிசம்பரில், விமானிகளின் ஓய்வு நேர விதிகள் கடுமையானதை ஒட்டி இண்டிகோ விமானங்கள் ஏராளமாக ரத்தாயின. நாடெங்கும் விமானம் ஏன் வரவில்லை என்ற கோபம் பொங்கியது. விமானிக்கு ஓய்வு ஏன் தேவை என்ற பேச்சு அந்தக் கோபத்தில் அமுங்கிப்போனது. பெண்ணா என்று கவலைப்படும் சமூகம், தூங்கினாரா என்று கவலைப்படக் கற்கவில்லை.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். விமானம் பத்திரமாக இறங்கினால் இரு விமானிகளின் பெயரையும் எழுதுங்கள். என்ன கோளாறு, அதற்கு என்ன செய்தார்கள் என்று விளக்குங்கள். விபத்து நேர்ந்தால் அறிக்கை வரும்வரை யாருடைய பாலினத்தையும் காரணமாக்காதீர்கள். அரசு, விமானிப் பயிற்சிக்கான உதவித்தொகையை அரசுப் பள்ளி மாணவிகளைத் தேடிப்போய்க் கொடுக்க வேண்டும். விமான நிறுவனங்கள், எத்தனை பெண்களை வேலைக்கு எடுத்தோம் என்று சொல்வதோடு எத்தனை பேர் கேப்டன் ஆனார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

டிக்கெட் வாங்கும் ஒவ்வொருவருக்கும் உரிமையுள்ள உறுதி ஒன்றே: விமானி அறையில் சரியான எச்சரிக்கை எழுந்தால், அது ஆணின் குரலா, பெண்ணின் குரலா, மூத்தவரின் குரலா, இளையவரின் குரலா என்று பார்க்காமல் கேட்கப்படும். அந்த உறுதியைக் கேட்டு வாங்குங்கள். அது இருக்கும் விமானத்தில் யார் ஓட்டினாலும் ஏறலாம்.